மலையேறும் சைக்கிளுக்கு ஒரு டிரைவர் தேவை

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே, திருச்சி ஜங்ஷன் வாசலில், ஏர்போர்ட் பார்க்கிங்கில், எங்கே போய்ப் பார்த்தாலும் ஒரு சவாரிக்குப் பத்து டிரைவர் நிற்கிறார்கள். வண்டி மாடல் ஒன்றுதான், கிலோமீட்டர் ரேட் ஒன்றுதான், கோயில் லிஸ்ட்டும் ஒன்றுதான். கடைசியில் ரேட்டைக் குறைத்தவருக்கு சவாரி. இந்தக் கூட்டத்தில் நின்று வருமானத்தை உயர்த்த முடியாது. ஆள் குறைவாக உள்ள வேலையைத் தேட வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது: நீண்ட தூர சைக்கிள் டிரிப்புக்கு சப்போர்ட் டிரைவர்.

முக்கொம்பு பக்கமோ கல்லணை பக்கமோ காலை ஆறு மணிக்குப் போனால் ஹெல்மெட்டும் ஜெர்ஸியுமாக எதிரே வருகிறார்களே, அவர்கள்தான் உங்கள் மார்க்கெட். டாக்டர், இன்ஜினீயர், பேங்க் மேனேஜர், லீவில் ஊருக்கு வந்த ஐ.டி. ஊழியர். இவர்களுக்கு ஒரு குறை. திருச்சி கடல் மட்டத்திலிருந்து 300 அடிக்குள்தான் இருக்கிறது. மலைக்கோட்டையை விட்டால் ஊருக்குள் ஏற்றமே கிடையாது, அதிலும் சைக்கிள் ஏறாது. ஏற்றம் வேண்டுமென்றால் பச்சைமலை, கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் என்று வெளியே போயாக வேண்டும். போனால் பின்னால் ஒரு கார் வேண்டும். அந்தக் காரை ஓட்டத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஓட்டத் தெரிவது என்றால் ஸ்டியரிங் பிடிப்பது மட்டும் இல்லை. மற்றதைக் கீழே சொல்கிறேன்.

1. போன் வந்ததும் முதல் கேள்வி: "சார், இது டூரா, பி.ஆர்.எம்.மா, ரேஸா?"

இந்த ஒரு கேள்வியிலேயே மற்ற டிரைவர்களிடமிருந்து நீங்கள் பிரிந்து நிற்பீர்கள். மூன்றும் மூன்று வேலை. டூர் என்றால் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நின்று தண்ணீர் கொடுக்கலாம். பி.ஆர்.எம். அப்படி இல்லை. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப்பின் விதிப்படி உலகம் முழுக்க நடக்கும் ரைடு அது. 200 கி.மீ.-க்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று கெடு உண்டு. அதில் ரைடர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கார் அவரைச் சந்திக்கலாம், ஆனால் கன்ட்ரோல் பாயின்டில், அதாவது ரைடர் நேரம் பதிய வேண்டிய இடத்தில் மட்டும். பாவம் பார்த்து நடுவழியில் வண்டியை நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணீர் நீட்டினீர்கள் என்றால் அவருடைய ரைடே ரத்தாகலாம்.

ரேஸ் நேர்மாறு. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா சுமார் 4,800 கி.மீ. இரவில் சப்போர்ட் வண்டி ரைடரின் முதுகுக்குப் பின்னாலேயே ஹெட்லைட் அடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது அங்கே விதி. 2017-ல் ராணுவ டாக்டர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் அதைத் தனியாக முடித்த முதல் இந்தியர் ஆனார். அந்த மாதிரி ரேஸில் மிதிப்பவர் ஒருவர்தான், ஆனால் மாற்றி மாற்றி ஓட்டவும் ஊட்டவும் வழி பார்க்கவும் ஒரு டீமே பின்னால் போகும். திருச்சியில் இருந்துகொண்டு அமெரிக்கக் கனவு காணச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு உலக அளவில் ஒரு பேரும் ஒரு முறையும் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ரேட் பேசும்போது உதவும்.

2. கிலோமீட்டர் ரேட்டை மறந்துவிடுங்கள்.

டாக்ஸிக்காரர்கள் இந்த வேலையில் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இதுதான். ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, நம்பர் ஒன் டோல்கேட், குணசீலம், முசிறி, தொட்டியம் வழியாக முதல் நாள் நாமக்கல். மறுநாள் சேந்தமங்கலம், காரவள்ளி, கொல்லிமலை. மூன்றாம் நாள் திரும்புதல். மூன்று நாள் உங்கள் வண்டி கட்டுப்பட்டுக் கிடந்தும் மீட்டர் 300 கி.மீ. சுற்றில்தான் நிற்கும். கிளையண்ட் கால்குலேட்டரைத் தட்டி, "அவ்வளவுதானே அண்ணே ஓடியிருக்கு?" என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால் நாள் வாடகை பேசுங்கள். டீசல் தனி, டிரைவர் பேட்டா தனி, இரவுத் தங்கல் தனி. மலையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தால் மைலேஜ் விழும், கிளட்ச் தேயும். அதற்கு மலைச் சார்ஜ் தனியாகப் போடுங்கள், ஏன் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். காரணம் சொன்ன ரேட்டுக்கு இந்த வகை கிளையண்ட் அதிகம் பேரம் பேசுவதில்லை. அவர் மிதிக்கும் சைக்கிளின் விலை பல சமயம் உங்கள் வண்டியின் இரண்டு வருட இன்சூரன்ஸைவிட அதிகம். அவருக்குப் பணம் இரண்டாவது கவலை. நட்ட நடு மலையில் டிரைவர் போனை எடுக்காமல் போய்விடுவாரோ என்பதுதான் முதல் கவலை.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும். சபரிமலை சீசனும் அப்போதுதான், வைகுண்ட ஏகாதசியும் மார்கழியில்தான். வண்டிக்கு டிமாண்ட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பழகியவர் என்பதற்காக சாதாரண மாத ரேட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்வான்ஸ் வாங்காமல் தேதியை பிளாக் செய்யவும் வேண்டாம்.

3. முன்கூட்டியே ஒரு தடவை பாதையை ஓட்டிப் பாருங்கள். பார்ப்பது எதை?

கோயில் டிரிப்புக்குப் போகும் கண்ணோடு போனால் ஒன்றும் தெரியாது. கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு. டூரிஸ்ட்டுக்கு அது போட்டோ எடுக்கும் இடம், உங்களுக்கு அதுதான் முகவரி. எந்த நம்பருக்கு அடுத்து ரோட்டை விட்டு இறங்கி நிறுத்த இடம் இருக்கிறது, எங்கே நிழல், எங்கே போன் சிக்னல் போய் எங்கே திரும்ப வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். "அடுத்து 43-ல நிக்கிறேன் சார்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனால் ரைடர் அந்த நம்பரை நினைத்துக்கொண்டே மிதிப்பார். மொட்டையாக "கொஞ்சம் மேல நிக்கிறேன்" என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மிதிப்பவருக்குத்தான் தெரியும். ஏற்றத்தில் அவர் வேகம் மணிக்கு எட்டு, பத்து கி.மீ. இந்த ஒரு மலைக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மலைக்கு மலை சட்டமும் மாறும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே போட்டார்கள். சைக்கிள் போய்விடும், உங்கள் கார் செக்போஸ்ட்டில் நிற்கும். மைசூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாக வருகிறவர்களுக்குத் திம்பம், 27 வளைவு. அங்கே 2022 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை கார்களுக்குத் தடை. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே கல்லட்டி, 36 வளைவு, சைக்கிள்காரர்கள் பேர் சொன்னாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் ஏற்றம். கிளையண்ட் அதில் இறங்குவதாகத் திட்டம் போட்டிருந்தால் முதல் நாளே விசாரியுங்கள், இறங்கும் திசையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கூடலூர், தெப்பக்காடு சுற்றிப் போய்த்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் டீசலையும் ரேட்டில் சேருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர் நீலகிரியில் ஆரம்பிக்க வேண்டாம். பச்சைமலையில் ஆரம்பியுங்கள். துறையூர் போய், சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டி. காலையில் கிளம்பி அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம், தப்பு நடந்தாலும் ஊர் பக்கத்தில் இருக்கிறது.

4. ஓட்டும் முறை: பின்னால் ஊர வேண்டாம்.

புது ஆட்கள் எல்லோரும் செய்வது, சைக்கிளுக்குப் பின்னாலேயே எட்டு கி.மீ. வேகத்தில் ஊர்வது. அரை கிளட்ச்சில் அரை மணி நேரம் போனால் கருகல் வாடை வரும். உங்களுக்குப் பின்னால் பஸ்ஸும் லாரியும் சேர்ந்து ஹாரன் அடிக்கும், திட்டு விழுவது ரைடருக்கு. பகல் நேரத்தில் சரியான முறை, முந்திப் போய்க் காத்திருப்பது. மூன்று நான்கு வளைவு மேலே போங்கள், ரோட்டை விட்டு இறங்கி நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், வெளியே வந்து நில்லுங்கள். அவர் கடந்து போனபின் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி முந்துங்கள்.

வளைவிலேயே நிறுத்தாதீர்கள். கொண்டை ஊசியில் திரும்ப பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம், ஏறுகிற சைக்கிளும் அந்தக் கணக்கில்தான் வரும். ஹாரனை வளைவுக்கு முன்னால் அடியுங்கள், சைக்கிளின் முதுகுக்குப் பின்னால் அடிக்காதீர்கள். களைத்துப்போனவர் திடுக்கிட்டால் ஹேண்டில் ஆடும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மலையில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டைக் கல் வைப்போம், நல்ல பழக்கம்தான். கிளம்பும்போது அந்தக் கல்லை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டுப் போவது நம் ஊர் டிரைவர்களின் மகா கெட்ட பழக்கம். இறங்கி வரும் சைக்கிள்காரருக்கு அந்தக் கல் எமன். கல்லை எடுத்து ஓரம் போடும் டிரைவரை ரைடர்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பார்கள். கல்லே வேண்டாம் என்றால் மரத்தில் இரண்டு ஆப்பு செய்து டிக்கியில் போட்டுவிடுங்கள்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். வளைவில் சைக்கிள் காரைவிட வேகமாகத் திரும்பும். அவரை முன்னால் விடுங்கள், நீங்கள் பின்னால் வாருங்கள், ஏறின கியரிலேயே இறங்குங்கள். இறங்கத் தொடங்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டைக் கையில் கொடுப்பது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. வத்தலக்குண்டில் வெயிலில் காய்ந்தவர் மேலே போய்ச் சேரும்போது வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் குறைந்திருக்கும், பனியன் முழுக்க வியர்வை. அப்படியே இறங்கினால் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது. இரண்டு, ரிம் பிரேக் சைக்கிள் என்றால் நடுவில் ஒரு தடவை நிற்கச் சொல்வது. தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும்.

குழுவாகப் போனால் உங்கள் இடம் கடைசி ஆளுக்குப் பின்னால். முன்னால் போகிறவருக்கு உங்கள் தேவை குறைவு. காசு தந்த ஆர்கனைசர் முன்னால் போகிறார் என்பதற்காக அவரைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், கடைசி ஆள் விழுந்து கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதைக் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

5. தண்ணீர், தீனி.

ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். ஆறு பேர், ஏழு மணி நேரம் என்றால் குறைந்தபட்சமே 20 லிட்டரைத் தாண்டும். 20 லிட்டர் கேன் ஒன்று போதாது, இரண்டு ஏற்றுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை இருப்பதால் கேன்தான் வசதியும்கூட. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உப்பு, எலுமிச்சை, ஐஸ் பெட்டி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இறங்கித் தலை சுற்றும்.

வாழைப்பழத்தில் திருச்சிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1993-ல் மத்திய அரசின் வாழை ஆராய்ச்சி மையத்தையே இங்கேதான் தொடங்கினார்கள். பூவன் சீப்பு காந்தி மார்க்கெட்டில் வாங்கும்போது பாதி பழுத்தது, பாதி காய்வெட்டு என்று கலந்து வாங்குங்கள். மூன்றாம் நாளுக்கும் வரும். கடலை மிட்டாய், பேரீச்சை, சப்பாத்தி சுருட்டல் சரி. மணப்பாறை வழியாகப் போனால் முறுக்கு வாங்குங்கள், ஆனால் ஏற்றத்தில் கொடுக்காமல் ராத்திரிக்கு வையுங்கள். பசிக்கிறதா என்று கேட்டுக் கொடுக்கக் கூடாது. பசி தெரியும்போது ஏற்கெனவே லேட். மணிக்கு ஒரு தடவை, பழத்தை உரித்து நீட்டுங்கள்.

கார் கண்ணாடியை ஏற்றி வையுங்கள். கொல்லிமலைக் குரங்குக்கு உங்கள் பட்ஜெட் பற்றிக் கவலை இல்லை.

6. சைக்கிளைப் பற்றி இவ்வளவாவது தெரிய வேண்டும்.

மெக்கானிக் ஆகச் சொல்லவில்லை. சக்கரம் கழற்ற, டியூப் மாற்ற, செயினைத் திரும்ப மாட்டத் தெரிந்தால் போதும். ஒரு சைக்கிள் கடையில் போய் ஒரு வாரம் கூட மாட வேலை செய்தால் கைக்கு வந்துவிடும். ரோட் பைக்கில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வ். பெட்ரோல் பங்க் காற்று நேராக ஏறாது, ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். சின்னச் செலவுதான், அது டேஷ்போர்டில் இருந்தால் நீங்கள் ராஜா. நின்று அடிக்கும் பம்ப், டயர் லீவர், அலன் கீ செட், கூடுதல் டியூப் எல்லாம் டிக்கியில். காரில் ஏற்றும்போது வலது பக்கம் கீழே வருமாறு படுக்க வைக்காதீர்கள், கியர் மாற்றும் டீரெய்லர் அந்தப் பக்கம்தான் தொங்குகிறது. கார்பன் பிரேமைக் கயிற்றால் இறுக்கிக் கட்டவே கூடாது.

7. பேச்சு.

இந்த வேலையில் திறமைக் குறைவைவிட அதிகம் கெடுப்பது வாய்தான். ஏற்றத்தில் நாக்கு தள்ளிக்கொண்டிருப்பவரைப் பார்த்து "ஏறிக்கிறீங்களா சார்?" என்று கேட்காதீர்கள். நல்ல மனசோடு கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் அவர் மாதக்கணக்கில் இதற்காகத் தயாராகி வந்திருக்கிறார், அந்த நிமிஷம் அவருக்குள்ளேயே அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்து காட்டினால் ஏறிவிடுவார், ராத்திரி உங்கள் மேல் கோபப்படுவார். "தண்ணியா, பழமா?" என்று மட்டும் கேளுங்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய்யும் சொல்லாதீர்கள். பாக்கி எத்தனை வளைவோ, உள்ளதைச் சொல்லுங்கள்.

அப்படியானால் நிஜமாகவே நிறுத்த வேண்டிய நேரம் எது? அதை மலையில் வைத்துப் பேசக் கூடாது, கிளம்பும் முந்தின இரவே பேசி முடிக்க வேண்டும். இருட்டிவிட்டால், இடி மின்னல் வந்தால், பேச்சு குழறினாலோ சைக்கிள் கோணலாக ஓடினாலோ, சொல்வது டிரைவர், கேட்பது ரைடர். வாட்ஸ்அப் குரூப்பில் இதை எழுதிப் போட்டு எல்லோரிடமும் ஓகே வாங்குங்கள். வெயிலில் வியர்வை நின்று குழப்பமாகப் பேசினால் யாரையும் கேட்க வேண்டாம்: நிழல், தண்ணீர் ஊற்றுதல், 108.

காத்திருக்கும்போது போனில் ரீல்ஸ் பார்க்காதீர்கள். கோயில் வாசலில் மூன்று மணி நேரம் சீட்டைச் சாய்த்துத் தூங்கிப் பழகிய உடம்புக்கு இது கஷ்டம்தான். ஆனால் ரைடர் வளைவில் திரும்பும்போது நீங்கள் பாட்டிலோடு நின்றுகொண்டிருக்க வேண்டும். கதவு திறந்து, செருப்பு மாட்டி, டிக்கி திறந்து எடுப்பதற்குள் அவர் ரிதம் போய்விடும். அவர் முகம் தெரிகிற மாதிரி, பின்னால் வளைவு தெரிகிற மாதிரி நாலு போட்டோவும் எடுங்கள். அவர் அன்றிரவே ஸ்ட்ராவா ஆப்பில் போடுவார். "யாரு எடுத்தது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். செலவில்லாத விளம்பரம்.

8. பேப்பர்.

எல்.எம்.வி. லைசென்ஸோடு 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அதற்காகச் சொந்த உபயோக ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து வராதீர்கள். மலையில் ஒரு உரசல் என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த போர்டைத்தான். மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., பொல்யூஷன் சர்டிபிகேட். வழியிலுள்ள அரசு மருத்துவமனைகளின் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கூகுள் உதவாது.

9. டிரிப் முடிந்த அன்றே செய்ய வேண்டியது.

சைக்கிளைத் துடைத்து இறக்குங்கள். பில்லை பிரித்து எழுதி அனுப்புங்கள்: நாள் வாடகை, டீசல், பேட்டா, டோல், தீனி. போட்டோவை அன்றிரவே குரூப்பில் போடுங்கள். மறுநாள் போட்டால் பாதி மதிப்பு.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "அடுத்து என்ன ரைடு சார்?" சைக்கிள்காரர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே நாள் குறிப்பவர்கள். 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் டிசம்பரில் நடக்கும், அதற்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு அக்டோபரிலிருந்தே மலை வேண்டும். மழைக்காலம் வேறு, மண் சரிவு பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ரைடு, 1,200 கி.மீ., 90 மணி நேரம், அடுத்தது 2027-ல். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 பி.ஆர்.எம். நான்கையும் முடித்தாக வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் கிளையண்ட் லிஸ்டில் இருந்தால் அவருக்கு ஒரு டிரிப் போதாது, ஒரு சீசன் முழுக்க மலை வேண்டியிருக்கும்.

அவருக்கு அனுப்பும் மெசேஜ் நீளமாக வேண்டாம். பச்சைமலை ஒரு நாள், கொல்லிமலை இரண்டு நாள், கொடைக்கானல் நான்கு நாள், ஒவ்வொன்றுக்கும் நேரே ரேட். வண்டியில் பம்ப், டியூப், ஐஸ் பெட்டி இருக்கிறது என்று ஒரு வரி. கிளம்பும் நேரம் காலை நாலரை, ஸ்ரீரங்கம் என்றால் வீட்டு வாசலுக்கே வருவேன் என்று இன்னொரு வரி. கீழே உங்கள் பெயர், யு.பி.ஐ. நம்பர், அட்வான்ஸ் எவ்வளவு என்பது.